பட்டினத்தில் அயல் தேடுதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலே, மல்லாகத்துக்கு மேற்குப் புறமாகச் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே அமைந்திருக்கும் ஊர் அளவெட்டி. கும்பிழாவளைப் பிள்ளையார் கோயில் மணியோசையுடன் விடியும் ஊர் அது. தட்சணாமூர்த்தியின் தவிலும் பத்மநாதனின் நாதசுரமும் ஒலித்த வீதிகளை உடையது. கவிஞர் மஹாகவி பிறந்த மண். அவ்வூரிலே பிறந்து அங்கேயே வாழ்ந்து முடிப்பவர்கள் ஒரு கேள்வியைத் தம் வாழ்நாளிற் கேட்டிருக்கவே மாட்டார்கள். "எந்த அயலிற் குடியிருப்பது?" என்பதே அக்கேள்வி.

கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. தாய்க்குச் சீதனமாக வந்த காணி மகளுக்குச் சீதனமாகிறது. அவள் அவ்வளவிலேயே வீடு கட்டுகிறாள். அடுத்த வளவிலே அவளுடைய தமக்கை இருக்கிறாள். அதற்கும் அடுத்ததிலே சிறிய தாயார் இருக்கிறார். வளவுகளுக்கு இடையே கிடுகு வேலியோ கிளுவை வேலியோ நிற்கும். எனினும் அவ்வேலியிலே எங்கேயாவது ஒரு பொட்டு இருக்கும். அப்பொட்டின் வழியாகப் பிள்ளைகளும் கறிச்சட்டியும் செய்திகளும் நாள்தோறும் போய்வரும். அங்கு அயல் என்பது பிறப்போடு வருவது. தாய்மொழியைப் போல ஒருவன் தேடிப் பெறாத செல்வம். ஆகையால் அயலைத் தேர்ந்தெடுக்கும் கலையை அவ்வூரார் கற்கவில்லை. அக்கலையின் தேவை, கொழும்புக்குக் குடிபெயரும் நாளிலேதான் திடீரென்று அவர்கள்முன் வந்து நிற்கிறது.

கொழும்புப் பயணம் யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. 1905ஆம் ஆண்டிலே வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமை பெற்றபின், ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் அரசாங்க எழுதுவினைஞர்களாகக் கொழும்பை நோக்கிப் புறப்பட்டார்கள். ஆனால் அவர்கள் குடிபெயர்ந்தார்கள் என்று சொல்வது பொருந்தாது. மனைவி மக்களை ஊரிலே விட்டு, நாலைந்து பேராகக் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரரை அமர்த்திக்கொண்டு வாழ்ந்தார்கள். "சமறி" என்று பெயர் பெற்ற வாழ்க்கை அது. மாதந்தோறும் ஊருக்கு மணியோடர் போயிற்று. 1956ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின், விடுமுறை நாள்களில் ஊருக்குப் போய்வருவது இன்னும் எளிதாயிற்று. அவர்களுக்குக் கொழும்பு உழைக்கும் இடம். வீடு அளவெட்டியிலே இருந்தது. கந்தோருக்கு எட்டிய தூரமும் குறைந்த வாடகையும் இருந்தால், எந்த ஒழுங்கையும் அவர்களுக்குப் போதுமானதாயிற்று.

குடும்பத்தோடு வந்தவர்கள் முதலிற் பெரிதும் நாடிய இடங்களில் ஒன்று கொட்டாஞ்சேனை. துறைமுகமும் புறக்கோட்டைக் கடைத்தெருவும் அதற்கு அண்மையில் இருந்தன. பொன்னம்பலவாணேசர் கோயில் அங்கே இருந்தது. 1902இல் தோன்றிய விவேகானந்த சபையும் அங்கே இருந்தது. பின்னர் தெற்கே பம்பலப்பிட்டியும் வெள்ளவத்தையும் தமிழர் பெருகிய பகுதிகளாயின. வெள்ளவத்தை என்னும் சிங்களப் பெயருக்கு மணல் தோட்டம் என்று பொருள். அம்மணல் தோட்டத்திலே இராமகிருஷ்ண மடமும், 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும், சைவ மங்கையர் வித்தியாலயமும் நிலைகொண்டன. சந்தையிலே யாழ்ப்பாணத்து முருங்கைக்காயும் கறுத்தக் கொழும்பான் மாம்பழமும் கிடைத்தன. ஊரவர் இருக்கும் இடத்துக்கே ஊரவர் வந்தார்கள். இது யாழ்ப்பாணத்தாருக்கு மட்டும் உரிய இயல்பன்று. சிங்கப்பூருக்குச் சென்ற இலங்கைத் தமிழர், அத்தீவின் கிழக்குப் பகுதியிலே செண்பக விநாயகர் கோயிலைச் சூழ்ந்து வாழ்ந்தார்கள். அக்கோயில் இருக்கும் வீதி இன்றும் சிலோன் வீதி என்றே வழங்குகிறது. கடலைக் கடந்தவன் முதலிலே தேடுவது தெரிந்த முகத்தை.

1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் இந்தத் தேட்டத்துக்கு வேறொரு காரணத்தையும் சேர்த்துவிட்டன. 1958இலும் 1983இலும் கொழும்புத் தமிழர் பலர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குத் திரும்ப நேர்ந்தது. உயிருக்கு அஞ்சி ஓடியவர்கள் மீண்டும் வந்தபோது, "நம்மவர் கூட்டமாக இருக்கும் இடத்திலேயே இருப்போம்" என்று எண்ணியதில் வியப்பில்லை. 1990இலே வடக்கின் புகையிரதப் போக்குவரத்து நின்றது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாம மக்களிற் பெரும்பாலோர் ஊரைவிட்டு நடந்தனர். அளவெட்டியும் அவ்வாறே வெறுமையாயிற்று. அக்காலத்தில் கொழும்பை அடைந்தவர்களுக்கு அயலைத் தெரிவு செய்யும் வாய்ப்பே இருக்கவில்லை. கதவைத் திறந்தவர் வீடே அவர்களுக்கு அயலாயிற்று.

போர் 2009இல் முடிந்தது. 2015 ஜனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை எட்டியது. இன்று ஒருவர் கொழும்புக்குப் போவது பெரும்பாலும் அச்சத்தினால் அன்று. இடமாற்றம், பிள்ளைகளின் கல்வி, மருத்துவ வசதி ஆகியவற்றை எண்ணியே போகிறார். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இப்போது கையிலிருக்கிறது. அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே இன்று ஆராயத் தக்கது.

ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்ளலாம். மகன் அரச திணைக்களம் ஒன்றிலே உத்தியோகத்தர். கொழும்புக்கு இடமாற்றம் பெற்றிருக்கிறார். மனைவியும் நான்கு வயது மகளும் உடன் செல்ல வேண்டும். புகையிலையும் வெற்றிலையும் செய்த தகப்பனார் காலமாகிவிட்டார். எழுபத்தொரு வயதுத் தாயாரைத் தனியே விட்டுப்போக இயலாது. மகன் முதலிற் கொழும்புக்குப் போய் மூன்று வீடுகளைப் பார்த்துவிட்டு வருகிறார். கந்தோருக்கு எத்தனை நிமிடம், பஸ் எங்கே நிற்கும், வாடகை என்ன, முற்பணம் எவ்வளவு என்பனவற்றையெல்லாம் ஒரு தாளிலே எழுதிவந்து காட்டுகிறார். எல்லாவற்றையும் கேட்டிருந்த தாயார் சொல்கிறார்:

"தம்பி, நீ காலமை போனா பொழுதுபடத்தான் வருவாய். அங்க பகல் முழுக்க இருக்கப் போறது நானெல்லோ. நான் ஒருக்கா வந்து பாக்கவேணும்."

இந்த ஒரு சொல்லிலே இவ்விடயத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வீட்டைத் தெரிவு செய்பவர் பெரும்பாலும் பகலில் அங்கே இராதவர். அவர் அறிவது காலையும் இரவுமே. பகல் முழுவதும் அவ்வயலில் வாழ்பவர்கள் முதியோரும் இல்லத்தரசியும் பிள்ளைகளும். ஆகையால் அயலைத் தேடும்போது, வீட்டிலே மிகுதியான நேரம் இருக்கப் போகிறவரின் ஒரு நாளை எண்ணிப் பார்த்து, அந்நாளுக்கு ஏற்ற இடத்தையே தேட வேண்டும்.

தாயாரும் சென்று பார்த்தார். முதலாவது வீடு வெள்ளவத்தையிலே, காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நான்காம் தளத்தில் இருந்தது. சாளரத்தைத் திறந்தால் கடல். காற்று வீட்டை நிறைத்தது. மகனுக்கும் மருமகளுக்கும் மிகவும் பிடித்துக்கொண்டது. ஆனால் கடலோரத்து வீட்டைத் தை மாதத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மே மாதந் தொடங்கிச் செப்டெம்பர் வரையில் வீசும் சோளகக் காற்று, அளவெட்டியிலே மழையின்றிச் செம்புழுதியைக் கிளப்புவது. அதே காற்று கொழும்புக் கரையிலே மழையையும் உப்புத் துவலையையும் கொண்டுவந்து சுவரில் அறைகிறது. சாளரக் கம்பியும் கதவுப் பிணைச்சலும் குளிர்ப்பெட்டியும் துருப்பிடிக்கின்றன. கரையோரமாகவே புகையிரதப் பாதையும் செல்வதால், அதிகாலை முதல் இரவு வரை வண்டிகளின் ஓசை உண்டு. இவை பழகிப்போகக் கூடியவை. பழகாதது ஒன்று உண்டு, அது மின்தூக்கி. அது பழுதுற்றால் நான்காம் தளத்திலிருக்கும் முதியவர் சிறைப்பட்டவரே. கீழிறங்கினாலும், கடலோர ஒழுங்கையில் இருப்பவர் காலி வீதியின் மறுபுறத்துக்குப் போக வேண்டுமானால் வாகனங்கள் ஓயாது ஓடும் பெருவீதியைக் கடக்க வேண்டும். கோயிலும் சந்தையும் மருந்தகமும் எப்புறத்தில் இருக்கின்றன என்பதை வீடு பார்க்கும்போதே கவனிக்க வேண்டும்.

இரண்டாவது வீடு நகருக்கு வடக்கே, களனி கங்கைக்கு அண்மையில், குறைந்த வாடகைக்குக் கிடைத்த தனிவீடு. முற்றம் இருந்தது, ஒரு வேப்பமரமும் நின்றது. தாயாருக்கு அம்முற்றத்தைக் கண்டவுடன் மனங் குளிர்ந்தது. ஆனால் அவர் சுவரை உற்றுப் பார்த்தார். நிலத்திலிருந்து இடுப்பளவு உயரத்திலே மங்கிய கோடு ஒன்று சுவர் முழுவதும் ஓடியிருந்தது. அது என்னவென்று அயலவரிடம் கேட்டபோது, வெள்ளம் நின்ற அடையாளம் என்று தெரியவந்தது.

மழையைப் பொறுத்தவரை யாழ்ப்பாணத்தாரின் அநுபவம் கொழும்புக்கு உதவாது. குடாநாட்டிலே மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே பெய்து ஓய்ந்துவிடும். சுண்ணக்கல் நிலம் அந்நீரை உறிஞ்சிக் கிணறுகளுக்குக் கொடுத்துவிடும். கொழும்பிலோ ஆண்டுக்கு ஏறக்குறைய 2400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. யாழ்ப்பாணத்து மழையோ அதிற் பாதியளவே. அங்கே சித்திரை, வைகாசியில் ஒரு பெருமழையும், ஐப்பசி, கார்த்திகையில் மற்றொரு பெருமழையுமாக ஆண்டுக்கு இருமுறை வானம் திறக்கிறது. 1992ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரே நாளிலே அந்நகரத்தில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளை மூழ்கடித்தது. வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கடலிற் கலக்கும் கால்வாய்களின் கரைகளும், ஒரு காலத்திற் சதுப்பு நிலமாயிருந்து மண்ணிட்டு நிரப்பப்பட்ட தாழ்நிலங்களும் இவ்வாறே ஐயத்துக்கு உரியவை. நீர் தேங்குமிடத்தில் நுளம்பும் பெருகும். 2017ஆம் ஆண்டிலே இலங்கையில் ஓர் இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளானபோது, கொழும்பு மாவட்டம் மிகுதியாகத் துன்புற்ற மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது. ஆதலால் வீடு பார்க்கச் செல்பவர் ஒருமுறையேனும் பெருமழைக்கு மறுநாட் காலையிலே அந்த ஒழுங்கைக்குள் நடந்து பார்க்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரரும் தரகரும் சொல்லாத உண்மையை அந்த ஒழுங்கை சொல்லிவிடும்.

மூன்றாவது வீடு தெகிவளையிலே, காலி வீதிக்குக் கிழக்கே, மேட்டுப் பாங்கான ஒழுங்கை ஒன்றிலிருந்த பழைய மாடிவீட்டின் மேற்றளம். பதினெட்டுப் படிகள். கீழ்த்தளத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் குடும்பம். எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர். ஒழுங்கை முனையில் வடமராட்சியைச் சேர்ந்த ஒருவரின் பலசரக்குக் கடை. கடற்காட்சி இல்லை. சமையலறை சிறியது. மகனின் பயணமும் அரை மணி நேரம் கூடுகிறது. தாயார் அவ்வீட்டின் படியிலே ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தார். பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் ஒழுங்கையில் விளையாடினார்கள். எதிர் வீட்டு ஆசிரியை வெளியே வந்து, பாதி சைகையாலும் பாதி தமிழாலும், எங்கிருந்து வந்தீர்கள் என்று விசாரித்தார். கீழ்வீட்டுப் பெண்மணி ஒரு கோப்பை தேநீரை அனுப்பினார். தாயார் தேநீரைக் குடித்துவிட்டு, இந்த நீர் வேறு சுவையாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அளவெட்டிக் கிணற்று நீர் சுண்ணாம்புத் தன்மை மிகுந்தது. கேத்தலின் உட்புறத்தில் வெள்ளைப் படிவை உண்டாக்குவது. கொழும்புக் குழாய் நீர் மென்மையானது. எழுபது ஆண்டு பழகிய நாவுக்கு அவ்வேறுபாடு உடனே தெரிந்துவிட்டது. ஆயினும் அவர் தெரிவு செய்தது அந்த வீட்டைத்தான்.

இத்தெரிவிலே மூன்று கருத்துகள் தனித்து ஆராயத் தக்கவை.

முதலாவது, பிள்ளையின் கல்வி. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி, வெள்ளவத்தைச் சைவ மங்கையர் வித்தியாலயம், கொட்டாஞ்சேனை விவேகானந்தக் கல்லூரி முதலியவை தமிழ்ப் பெற்றோர் நாடும் பாடசாலைகள். அவற்றிற்கு அண்மையில் ஒரு வீட்டை எடுத்தவுடன் முதலாம் வகுப்பில் இடம் கிடைத்துவிடும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது தவறு. அரச பாடசாலைகளில் அண்மை வதிவிடத்தின் பேரில் அனுமதி கோருபவர், அவ்விடத்திலே பல ஆண்டுகள் வசித்தமையை வாக்காளர் இடாப்பு, உறுதி அல்லது பதிவு செய்த குத்தகைப் பத்திரம் முதலியவற்றால் நிறுவ வேண்டும். வாக்காளர் இடாப்பில் முந்திய ஐந்து ஆண்டுகளின் பதிவுகள் பார்க்கப்படும். வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையே வேறு பாடசாலைகள் இருந்தால் அதற்காகப் புள்ளிகள் குறையும். இடமாற்றம் பெற்ற அரச உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பங்கு ஒதுக்கப்பட்டிருப்பினும், அதற்குப் போட்டி மிகுதி. ஆகையால் பெயர் பெற்ற பாடசாலையின் மதிலருகே மிகுந்த வாடகைக்கு இருப்பதிலும், பிள்ளை நடந்து போகக்கூடிய நல்ல சிறிய பாடசாலை ஒன்று இருக்கும் அயலிலே அமைதியாக இருப்பது சிறந்தது. குழந்தைக்கு முதல் ஐந்து ஆண்டுகளில் வேண்டியது பாடசாலையின் பெருமையன்று; பயணக் களைப்பில்லாத காலைப் பொழுதும், மாலையிலே விளையாட ஓர் ஒழுங்கையும், கூட விளையாடப் பிள்ளைகளும்.

இரண்டாவது, உரிமைப் பத்திரங்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து வெள்ளவத்தையின் பழைய ஓட்டு வீடுகள் பல இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் தொடர்மாடிகள் எழுந்தன. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய பணத்தாலும் ஊர்க் காணியை விற்ற பணத்தாலும் அவற்றை வாங்கியவர் பலர். காணியை வேலியாலும் எல்லைக் கல்லாலும் அறிந்து பழகியவர்களுக்கு, ஆகாயத்திலே தொங்கும் நான்கு அறைகளின் உடைமை புதியதொன்று. தொடர்மாடிகளின் உடைமையை ஒழுங்குபடுத்த 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அச்சட்டப்படி ஒவ்வொரு மனையும் தனித்தனி அலகாக வரைபடத்தில் பதியப்பட்டிருக்கிறதா, கட்டடம் அநுமதித்த திட்டப்படி எழுந்தது என்னும் இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா, மின்தூக்கி, நீர்த்தாங்கி, படிக்கட்டு ஆகிய பொதுவிடங்களைப் பராமரிக்கும் சபை ஒழுங்காகக் கூடுகிறதா என்பனவற்றை அறிந்த சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு ஆராயாமல் முற்பணம் கொடுத்தல் ஆகாது. வாங்க எண்ணுபவரும் முதலில் ஓராண்டு அவ்வயலிலே வாடகைக்கு இருந்து பார்ப்பது அறிவுடைமை. ஓராண்டிலே சோளகமும் மழையும் நுளம்பும் அயலவரும் தம் இயல்பைக் காட்டிவிடுவர்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, அயலவர். ஊரவரோடு கூடியிருப்பதிலே ஆறுதல் உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. நோயுற்ற இரவிலே தன் மொழியில் ஒருவரை அழைக்க முடிவது பெரும் பேறு. ஆனால் எண்ணிக்கையிலே காவல் இருக்கிறது என்னும் நம்பிக்கையை 1983ஆம் ஆண்டு ஜூலை மாதம் பொய்யாக்கியது. தமிழர் மிகுந்து வாழ்ந்த வெள்ளவத்தை ஒழுங்கைகளிலேயே வீடுகள் எரிந்தன. தமிழர் வீடுகளை அடையாளங் காண வாக்காளர் இடாப்புகள் பயன்பட்டன. அதே நாள்களில், அதே நகரத்தில், சிங்கள அயலவரும் முஸ்லிம் அயலவரும் தம் உயிருக்கு நேரும் ஆபத்தையும் பாராது கதவைத் திறந்து மறைத்து வைத்தமையால் உயிர் தப்பியவர்கள் ஏராளம். அவர்களைக் காத்தது, நாள்தோறும் முகம் பார்த்துப் பேசிய பழக்கம். எவரையும் அறியாதவனுக்குக் கதவைத் திறப்பவர் அரியர். அறிந்தவனுக்கு அது திறந்தது. இதை மறந்து, தன்னவரை மட்டுமே அறிந்த ஓர் அளவெட்டியைக் கொழும்பிலே தேடுபவர், ஊரின் வேலியை மட்டும் கொண்டுவந்து அதன் பொட்டை ஊரிலேயே விட்டுவிட்டவர் ஆவார்.

பழக்கத்துக்கு மொழி வேண்டும். கொழும்பில் ஒழுங்கைக்கு ஒழுங்கை மும்மொழியும் வழங்குகின்றன. சந்தையில் விலை கேட்கவும், அயல் வீட்டாரிடம் நலம் விசாரிக்கவும், அவசரத்தில் உதவி கோரவும் தக்க அளவு சிங்களத்தை மருமகள் ஆறு மாதத்திற் கற்றுக்கொள்ளலாம். பேத்தி விளையாட்டிலேயே கற்றுவிடுவாள். எதிர் வீட்டு ஆசிரியைக்கும் தமிழ் கற்க ஆவல் இருக்கக் கூடும். தாயார் கற்பது பத்துச் சொற்களே ஆனாலும், அப்பத்தும் அவரைச் சாளரத்தருகே ஊமையாக அமர்ந்திருக்கும் நிலையிலிருந்து மீட்கும்.

ஊரை விட்டு வருபவர் ஊரை இழந்துவிடுவதில்லை. மஹாகவி கொழும்பிலே அரசாங்க சேவையில் இருந்தவர். ஆயினும் அவருடைய கவிதைகளில் யாழ்ப்பாணத்துக் கிராமம் வாடாமல் நின்றது. அளவெட்டிக்கும் கொழும்புக்கும் இடையே ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஓர் இரவுப் பயணத்திலே கோயில் திருவிழாவுக்குப் போய்வரலாம். புதிய அயலிலே வேர் விடுவதற்காகப் பழைய வேரை வெட்ட வேண்டியதில்லை.

அக்குடும்பம் தெகிவளைக்குப் புறப்பட்ட நாளிலே, தாயார் அளவெட்டி வீட்டைப் பூட்டி, சாவியை வேலிப் பொட்டின் வழியாகத் தம் தமக்கையின் மகளிடம் கொடுத்தார். கிணற்றிலிருந்து வாரத்துக்கு ஒருமுறையாவது நீர் இறைக்க வேண்டும், முற்றத்து மல்லிகைக்கு ஊற்ற வேண்டும், வெள்ளிக்கிழமைகளில் சுவாமி அறையில் விளக்கேற்ற வேண்டும் என்று சொன்னார். இவற்றைச் சொல்ல அவர் எந்தப் பத்திரமும் எழுதவில்லை. எவரையும் சாட்சிக்கு அழைக்கவில்லை. அயல் என்பதன் பொருள் அதுவே.

எட்டு மாதங்கள் சென்றன. அளவெட்டித் திருவிழாவுக்காகக் குடும்பத்தோடு புறப்பட்டபோது, தெகிவளை வீட்டின் சாவியைத் தாயார் கீழ்வீட்டுப் பெண்மணியின் கையிலே கொடுத்தார். தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துக்கொள்ளும்படியும், மேற்றளத்துத் துளசிக்கு நீர் ஊற்றும்படியும், தாம் கற்றிருந்த சொற்களாலும் கையசைவாலும் எதிர் வீட்டு ஆசிரியையிடமும் சொல்லிவைத்தார்.

வெப்பமும் உப்புக் காற்றும் நிறைந்த அப்பட்டினத்திலே வீடு தேடி அலைபவர், வாடகையையும் தூரத்தையும் நீரையும் பாடசாலையையும் ஆராய்ந்து முடித்தபின், கடைசியாக ஒன்றைத் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்: "இந்த ஒழுங்கையிலே, ஓராண்டு கழிந்தபின், என் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவேன்?" அதற்கு ஒருவருடைய முகமாவது மனக்கண்ணில் தோன்றுமாயின், அவ்விடத்தில் துணிந்து குடியேறலாம்.